சுவரைப் பார்க்கும் அந்தோணியார்

தம்பி,

அந்தோணியார் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் நிற்கிறார். நீ போன முறை வந்தபோது எந்த அலமாரித் தட்டில் இருந்தாரோ அதே தட்டு, கழுத்தில் அதே பிளாஸ்டிக் மல்லிகை. முதுகு மட்டும் நமக்கு. அந்தச் சுரூபத்துக்கு வண்ணம் பூசியவர் பின்பக்கத்துக்கு அதிகம் மெனக்கெடவில்லை என்பது கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. முன்பக்கம் அங்கியில் அத்தனை மடிப்பு, இடுப்புக் கயிற்றில் முடிச்சுகூட இருக்கும். பின்பக்கம் வெறும் பழுப்புப் பூச்சு. காலையில் காபி போடும்போதும், பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து வந்து பையை இறக்கும்போதும் அந்தப் பழுப்புதான் கண்ணில் படுகிறது.

கோயம்புத்தூரில் சுரூபம் வைக்காத உன் புதுச் சபையில் நீ தண்ணீரில் மூழ்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்த படத்தை எனக்கு மட்டும்தான் அனுப்பினாய். கீழே, "அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லும்மா" என்று எழுதியிருந்தாய். நான் பக்குவம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுற்றுலாக் கூட்டம் குறையட்டும், அப்பாவின் டாக்ஸிக்கு எஃப்.சி. முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் உன் சபையார் யாரோ பகிர்ந்து, டாக்ஸி ஸ்டாண்டில் யாருடைய போனிலோ அந்தப் படம் வந்துவிட்டது. அன்று அப்பா வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார், கை கழுவித் துண்டில் துடைத்தார், நேரே அலமாரிக்குப் போனார். நான் ஏதோ செபம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சுரூபத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"காணாப்போனது என் பிள்ள. கண்டுபிடிச்சுக் குடு. அவன் திரும்புற அன்னைக்கு நான் உன்னையத் திருப்புறேன்."

என்னிடம், உனக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

இப்படிச் செய்யச் சொல்லித் திருச்சபை யாருக்கும் சொல்லித் தரவில்லை. உன் பாஸ்டர் பார்த்தால் என்ன சொல்வாரோ அதைத்தான் நம் பங்குச் சாமியாரும் சொல்வார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார் என்பது எல்லார் நம்பிக்கை, அவரைத் திருப்பி வைப்பது மட்டும் அப்பா வீட்டு வழக்கம். சிலோனிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கிய அன்று அவர்களுடைய டிரங்குப் பெட்டி காணாமல் போய்விட்டதாம். உன் தாத்தா இந்தச் சுரூபத்தைக் கூடாரத் துணியைப் பார்க்கத் திருப்பி வைத்தாராம், மறுநாள் பெட்டி கிடைத்ததாம். அப்பா அப்போது சிறுபிள்ளை. அன்று பார்த்ததை அவர் விடவில்லை. வண்டிச் சாவி காணோம் என்றாலும் திருப்புவார். கிடைத்ததும் "சரி, கோவிச்சுக்காத" என்று திருப்பி வைத்துவிட்டுப் போவார். நீயும் நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் கவனித்தாரோ என்னவோ, அந்தோணியாரின் கையில் குழந்தை இயேசுவும் இருக்கிறார். பெரியவரைத் திருப்பியதில் குழந்தையும் சேர்ந்து சுவருக்குத் திரும்பிவிட்டது.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். திறந்த கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மலையில் மட்டும் எத்தனையோ வீடுகளில் ஓர் அம்மா இதே இடத்தில் நிற்கிறாள். பெயர் போடாவிட்டாலும் அவர்களுக்குப் புரியும். இன்னொன்று, அப்பா படித்தாலும் படிக்கட்டும். படித்தால், என்னிடமிருந்து பக்குவம் பார்க்காமல் அவருக்குப் போன முதல் செய்தியாக இது இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் பூசை முடிந்து கோவில் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது என்றாய். பியூலா வீட்டார் உன் சபை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணோடு நான் போனில் பேசியிருக்கிறேன். மலைக் குளிருக்கு என்ன போட்டுக்கொள்வீர்கள் ஆன்ட்டி என்று கேட்ட அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நீ குரலை மாற்றினாய்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. இன்னும் எதுக்கு அந்தச் செலைகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருக்க? மத்தியஸ்தர் ஒருத்தர்தான். நேரா ஆண்டவர்கிட்ட பேசு. நடுவுல யாரும் வேண்டாம்."

"சரிப்பா."

"சரின்னு சொல்லிட்டு அப்படியேதான் இருப்ப, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாய். உடனே, "அம்மா, அப்பாகிட்ட நீதான் பேசணும். கல்யாணத்துக்கு வரச் சொல்லு. எனக்காக ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாரு."

"நீயே பேசேன்."

"நான் பேசுனா சண்டையாயிரும். நீ நடுவுல இருந்தாத்தான் சரியா வரும்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது. நடுவில் யாரும் வேண்டாம் என்று சொன்ன பிள்ளைதான் அதே மூச்சில் என்னை நடுவில் நிற்கச் சொல்கிறான். உன்னைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்த அரிசித் தண்ணீரைக் கொட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏனென்றால், உனக்கு அப்படிப் பேசப் பழக்கியது நான்தான்.

இப்போது வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? அப்பா வெள்ளனே எழுந்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போகிறார். வந்தால் சாப்பிடுகிறார், செய்தி பார்க்கிறார், படுக்கிறார். உன் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போய் வண்டி டயரைப் பார்க்கிறார். மதியமே மஞ்சு மூட்டமாக இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ளும் நாட்களில், அவரும் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் புனிதரும் அந்த ஒரே அறையில் இருக்கிறோம். தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருத்தி, "ஏன்க்கா, நீங்க மறைக்கல்வி டீச்சரு, ஒங்க புள்ளயே இப்படிப் போயிட்டானே" என்று நேராகவே கேட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு நான் வந்தால் அப்பாவை விட்டுவிட்டு வந்தவள். வராமலிருந்தால் உன்னை விட்டவள். எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் இன்னொருவர் முகம் வாடி நிற்கிறது. இத்தனைக்கும் உங்கள் இருவரில் ஒருவரும் என்னோடு சண்டை போடவில்லை. ஆளுக்கொரு பக்கமாக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பஜாரில் பூண்டு வாங்கப் போனபோது காதர் பாய் கேட்டார். அப்பாவின் பழைய சிநேகிதர், உனக்கும் தெரிந்தவர்தான். "என்ன மேடம், தம்பிக்குக் கல்யாணமாமே. அவங்கப்பன் என்னடான்னா ஸ்டாண்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். டூரிஸ்ட்டு பயந்து அடுத்த வண்டிக்குப் போறாங்க."

நான் மழுப்பினேன். அவர் விடவில்லை. "அட, எங்க வீட்லயும் இதே கததான் மேடம். நான் தர்காவுக்குப் போற ஆளு. என் மகன் அதெல்லாம் கூடாதுங்கிறான். போன வாரம் தர்காவுல பாத்திஹா ஓதணும்னு சர்க்கரை வாங்கி வச்சிருந்தேன், அந்தப் பய எடுத்து டீ போட்டுட்டான்."

"சண்டையா?"

"சண்டதான். தெருவே கேட்டுச்சு. அப்புறம் அதே டீயில எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்திக் கொடுத்தான். குடிச்சேன். அவங்கம்மா மௌத்தாப் போய்ச் சேந்தப்புறம் நடுவுல ஆளில்லைல்ல, அதான் சண்ட வெரசா முடிஞ்சிருது." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு தராசைப் பார்த்தார்.

தம்பி, நீ முதல் நற்கருணைக்குப் படித்த வருஷம் நினைவிருக்கிறதா? உனக்கும் நான்தான் டீச்சர். வீட்டில் அம்மா, ஞாயிற்றுக்கிழமை டீச்சர் என்று நீயே பிரித்து வைத்துக்கொண்டு, வகுப்பில் என்னை மறந்தும் அம்மா என்று கூப்பிட மாட்டாய். புனிதர்களிடம் ஏன் வேண்டுகிறோம் என்ற பாடம் வந்தது. பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று நான் ஓர் உதாரணம் சொன்னேன். "உங்களுக்கு ஏதாவது வேணும்னா அப்பாகிட்ட நேரா போய்க் கேப்பீங்களா? அம்மாகிட்ட சொல்லி அம்மா மூலமாத்தானே கேப்பீங்க? அது மாதிரிதான்." எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். நீ மட்டும் கையைத் தூக்கினாய்.

"டீச்சர், அப்போ கடவுளுக்கு நம்ம மேல கோவமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கோவமில்லப்பா, அவரு ரொம்பப் பெரியவரு" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன உதாரணம்தான் தப்பு. பள்ளிக்கூட அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன்: பெற்றோர்கள் வந்து, "மேடம், சிஸ்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா சீட்டு கிடைச்சிரும்" என்று நிற்பார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் உள்ளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் யாருக்கும் திறந்த கதவில் நம்பிக்கையில்லை. தெரிந்தவர் ஒருவர் வழியாகப் போனால்தான் காரியம் நடக்கும் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. அதையே நான் கொண்டுபோய் மோட்சத்தில் வைத்தேன். கடவுளை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து, புனிதர்களை வராண்டாவில் நிறுத்தினேன்.

திருச்சபை சொல்வது அதுவல்ல என்பதை நான் பிறகுதான், பாடத்துக்காக இல்லாமல் எனக்காகப் படித்தபோது, புரிந்துகொண்டேன். கடவுளையும் மனிதரையும் இணைப்பவர் கிறிஸ்து ஒருவரே. அதில் உன் சபைக்கும் நம் கோவிலுக்கும் ஒரு சண்டையும் இல்லை. மன்றாட்டுமாலை சொல்லும்போது நீயே கவனித்திருக்கலாம். கடவுளிடம், எங்கள்மேல் இரக்கமாயிரும் என்கிறோம். மாதாவிடமும் புனிதர்களிடமும் அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மட்டும் கேட்கிறோம். கொடுக்கிறவர் ஒருவர், கூட நின்று கேட்கிறவர்கள் பலர். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, புனிதர்களுக்கு மரியாதைதான். உன் சபையிலும் வெள்ளிக்கிழமை செபக் கூட்டத்தில், யாருக்கு என்ன குறை என்று கேட்டு ஒருவருக்காக ஒருவர் வேண்டுகிறீர்கள். எனக்கு முதுகுவலி என்று சொன்னதற்கு, "சபையில எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோம்மா" என்றாயே, அப்போது நான் நடுவில் ஆள் எதற்கு என்று கேட்டேனா? எனக்கு இதமாக இருந்தது. உயிரோடு இருப்பவர் எனக்காக வேண்டலாம் என்றால், இறந்து கடவுளிடம் போனவர் ஏன் வேண்டக் கூடாது? போய்ச் சேர்ந்ததும் அன்பு நின்றுவிடுமா? நான் அந்தோணியாரிடம் பேசுவது அவ்வளவுதான். அவர் கடவுளின் மனதை மாற்றுவார் என்பதற்காக அல்ல. மாற்ற வேண்டிய மனது கடவுளுடையது இல்லை.

ஆனால் நீ அந்தச் சபைக்குப் போனதற்கு இதெல்லாம் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். முதல் முறை போய்விட்டு வந்து நீ போனில் சொன்னாய்: "அம்மா, அவர் உன் அப்பா, நேரா பேசுன்னு பாஸ்டர் சொன்னாரும்மா. எனக்கு அழுகையா வந்துருச்சு." நான் அப்போது கோபப்பட்டேன். இதைத்தானே நாங்களும் சொன்னோம், நம் கோவிலில் இல்லாத எதை அங்கே கண்டுவிட்டாய் என்று மனதுக்குள் பொருமினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அப்பா என்று ஒருவரிடம் நேராகப் பேசலாம் என்பதே உனக்குப் புதிதாக இருந்திருக்கிறது. வீட்டில் நீ அதைப் பார்த்ததில்லை.

நீ வேலைக்குப் போன அன்று அப்பா உன்னை வத்தலக்குண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டார். முன்னால் அவர், பின்னால் நீயும் நானும். கொண்டை ஊசி வளைவுகளில் உனக்கு எப்போதும் குமட்டும். அவர் கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம், "அவனுக்கு வாந்தி வருதான்னு கேளு" என்றார். நான் உன்னைக் கேட்டேன். நீ என்னிடம், "இல்லைன்னு சொல்லு" என்றாய். நான் அவரிடம் இல்லையாம் என்றேன். ஒரே வண்டிக்குள், கையெட்டும் தூரத்தில்! அப்போது எனக்கு அது வேடிக்கையாகக்கூடப் படவில்லை. அது என் சோலி, அவ்வளவுதான். வத்தலக்குண்டில் இறங்கி அவர் மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி என் கையில் கொடுத்தார், நான் உன் கையில் கொடுத்தேன்.

பஸ் போன பிறகு அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "இனி மலையில எனக்கு யாரு இருக்கா" என்றார். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டு அப்பா என்ன சொன்னார் என்று கேட்டபோது, "ஒண்ணும் சொல்லல, பத்திரமா இருக்கச் சொன்னாரு" என்றேன். நீ, "அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லும்மா, அவரு இல்லேன்னா நான் படிச்சிருக்க முடியாது" என்றாய். நான் அவரிடம் போய், "போய்ச் சேந்துட்டானாம்" என்றேன். ஏன் அப்படிச் செய்தேன்? கோபத்தைக் குறைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், பாசத்தையும் குறைத்துவிட்டது. உன் கண் கலங்கினால், அவர் கண் கலங்கினால், நான் தாங்க மாட்டேன் என்று இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். உங்களுக்குள் போய்வந்தது எல்லாம் என் கைப்பக்குவம். அசல் எதையும் நீங்கள் ருசிக்கவே இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நடுவில் நிற்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதில் எத்தனை சுகம் இருந்ததென்று இப்போது மூச்சு முட்டும்போதுதான் தெரிகிறது.

நற்செய்தியில் வரும் கானாவூர்க் கல்யாணத்தை உனக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். புனிதர்கள் பரிந்து பேசுவதற்கு நாம் எப்போதும் காட்டும் இடம் அது. பந்தியில் திராட்சை ரசம் தீர்ந்துவிட்டது என்று மாதா மகனிடம் சொல்கிறாள். இவ்வளவு நாளும் நான் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டேன். அதற்கு அடுத்து அவள் செய்ததைப் பார்க்கவில்லை. மகன் சொன்ன பதிலை அவள் பணியாளர்களிடம் கொண்டுபோய்த் தன் வாயால் சொல்லவில்லை. அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்று அவர்களை அவர் பக்கம் திருப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தில் அவள் பேச்சே இல்லை. இல்லாததைச் சொன்னாள், ஆட்களை முகத்துக்கு முகம் நிறுத்தினாள், விலகினாள். அதுதான் பரிந்து பேசுவது. நான் செய்தது தபால் பட்டுவாடா, அதிலும் உறையைப் பிரித்து எழுத்தை மாற்றிக் கொடுக்கிற தபால்காரி.

புதன்கிழமை காலையில் அப்பாவுக்கு இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வழக்கமாக நான் நின்றுகொண்டேதான் பரிமாறுவேன், அதனால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, பிள்ளைக்குக் கல்யாணம். அப்பா இல்லாம நிக்கப் போறான்."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"வரச் சொல்லுன்னு என்கிட்ட சொன்னான். ஆனா இனி நான் எதையும் கொண்டாந்து சொல்லப் போறதில்லைங்க. நீங்க சொல்றதையும் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுக்கங்க, நீங்களே திட்டிக்கங்க."

அவர் இட்லியைப் பிட்டு வைத்தபடியே இருந்தார். "அப்ப நீ எதுக்கு இருக்க?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, தம்பி. நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னைக் குத்தியது. இந்த வீட்டில் அந்த வேலையை எடுத்துவிட்டால் நான் யார் என்று நானும் யோசித்துப் பார்த்ததில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன். அன்று அவர் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. மஞ்சு, பழுப்பு முதுகு, டயரைப் பார்க்கும் மனிதர். நான் தப்புச் செய்துவிட்டேனோ, பழையபடி இரண்டு வார்த்தை இனிப்பாகக் கலந்து சொல்லி அவரை வண்டியில் ஏற்றியிருக்கலாமோ என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவன் நம்பரு எங்கிட்ட இல்லையே" என்றார்.

நீ புது நம்பர் வாங்கி எவ்வளவு காலமாகிறது! எல்லா அழைப்பும் என் போனுக்குத்தான் வரும், அவர் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். உன்னிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து உனக்கும் இருந்த ஒரே வழி என் முந்தானையில் முடிந்து கிடந்திருக்கிறது. நம்பரைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். பேர் என்ன போட என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. அவராகவே ஏதோ போட்டுக்கொண்டார். இதை எழுதும் இந்த நேரம் வரை கூப்பிடவில்லை. போனை எடுக்கிறார், பார்க்கிறார், சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். நான் ஜன்னலருகே நின்று பார்க்கிறேன், வாயைத் திறக்கவில்லை. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று உனக்குச் சொல்லத் தெரியும் எனக்கு. சொல்ல மாட்டேன்.

நீதான் கூப்பிட வேண்டும். அவர் எடுக்காமலும் போகலாம். எடுத்துத் திட்டலாம், தண்ணீரில் முங்கியதைப் பற்றி, அவருடைய அப்பா கப்பலில் கொண்டுவந்த சுரூபத்தைப் பற்றி, நீ செலை என்று சொன்ன அதைப் பற்றி, நீ இதுவரை கேட்காததையெல்லாம் கேட்பாய். அவர் குரல் உயர்ந்தால் உடனே வைத்துவிட்டு எனக்குப் போடாதே. போட்டாலும் நான் எடுக்க மாட்டேன். கடவுளிடம் நேராகப் பேசக் கற்றுக்கொண்டேன் என்கிறாயே, அந்தத் தைரியத்தில் கொஞ்சம் எடுத்து இந்த மலைமேல் இருக்கிற மனிதரிடம் செலவழி.

பியூலாவை நடுவில் நிறுத்தாதே. நாளைக்கு உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, ஒன்று உன் காலைக் கட்டிக்கொண்டு ஏதாவது கேட்டால், "அம்மாகிட்ட கேளு" என்று சொல்லாதே. கேட்டது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் முகத்தைப் பார்த்துக் கேட்டுப் பழகட்டும். அவளும் நல்ல மனசுக்காரி, சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் போய் நின்றுவிடுவாள். முதலில் அது அன்பு மாதிரியே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு நான் வருவேன். அவர் வந்தால் அவரோடு, வராவிட்டால் வத்தலக்குண்டு பஸ்ஸில். உங்கள் சபை மண்டபத்தில் சுரூபம் இல்லையே என்று முகத்தைச் சுளிக்க மாட்டேன். உங்கள் பாட்டு எனக்குத் தெரியாது, கை தட்டுகிற இடத்தில் தட்டுகிறேன். என் கையில் செபமாலை இருக்கும், அதற்கு நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதே.

அந்தோணியாரை நான் திருப்பி வைக்கவில்லை. சனிக்கிழமை தூசி தட்டும்போது கை போகத்தான் செய்கிறது. ஒரு திருப்புத் திருப்பினால் முகம் தெரிந்துவிடும், குழந்தையின் முகமும் தெரியும். ஆனால் திருப்பியவர்தான் திருப்ப வேண்டும். அதுவரை முதுகைத் துடைத்துவிட்டு, சுவருக்கும் அவருக்கும் இடையில் விரல் போகிற அளவுக்குத் துணியை விட்டு முன்பக்கமும் துடைக்கிறேன். முகம் தெரியாவிட்டாலும் அவரிடம் பேசுவதை நான் விடவில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அதே வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

அதையே உன்னிடமும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கு என்ன குறை என்று கேட்பார்களே, அப்போது எழுந்து நின்று, கொடைக்கானலில் என் அம்மா ஒருத்தி இருக்கிறாள், நெடுங்காலம் நடுவில் நின்றுவிட்டாள், இப்போது நகர்ந்து நிற்க இடம் தெரியாமல் தவிக்கிறாள் என்று சொல். என்ன வேண்டும் என்று நீ சொல்லத் தேவையில்லை, ஆண்டவருக்குத் தெரியும். நீ கூட நின்று கேட்டால் போதும்.

எனக்காக வேண்டிக்கொள், தம்பி.

அம்மா